பெட்டியில் உறங்கிய பெருநூல்

ஏடெடுத்து எழுதுவோன் எவனாயினும், அவன் நாவில் ஒரு தேவி வந்து அமர்ந்தாலொழிய எழுத்து வராது என்பது நம் நாட்டில் நெடுநாள் நடமாடி வரும் நம்பிக்கை. நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டிய மூடன், காளி நாவில் எழுதியதும் காளிதாசன் ஆனான் என்று கதை சொல்லியே பிள்ளைகளை வளர்த்தோம். அந்த மூடன் அதற்குப் பிறகாவது எத்தனை ஏடு படித்தான், எத்தனை ஊர் சுற்றினான், எழுதியவற்றில் எத்தனை அடிகளை அடித்துத் திருத்தினான் என்று கேட்ட பிள்ளையும் இல்லை, சொன்ன பாட்டியும் இல்லை. எழுத்து என்பது அருள் ஈன்ற பிள்ளை என்றாகிவிட்டால் உழைப்புக்கு அங்கே வேலையில்லை. அந்த அருள் எந்த வீட்டு வாயிலில் வந்து நிற்கும், எந்த வீட்டை எட்டியும் பாராது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். முடிவு செய்தும் வைத்திருந்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

ஆகவேதான், பெரிய எழுத்தாளர் ஒருவருடைய மேசையருகே சென்று, அங்கே என்ன நடந்தது என்று பார்ப்பது பயனுள்ள வேலை என்று கருதுகிறோம். இவ்வாரம் நாம் எட்டிப் பார்ப்பது பிரெஞ்சுப் பேரெழுத்தாளர் விக்டர் யூகோவின் மேசை. மேசை என்பதுகூடப் பொருந்தாது. நாற்காலியில் சாய்ந்து எழுதும் வழக்கத்தை விட்டு, உயர்ந்த பலகையொன்றின் முன் நின்றபடியே எழுதியவர் அவர். காலையில் எழுந்ததும் நிற்கத் தொடங்கினால் நண்பகல் வரை எழுத்து. காளி வந்தாளா என்பதற்குச் சான்றில்லை. கால் வலித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1802 பிப்ரவரி 26இல் பெசான்சோன் நகரில் பிறந்து 1885 மே 22இல் பாரிசில் மறைந்த யூகோ, கை வைக்காத இலக்கியத் துறை அரிது. கவிதையில் பேர்பெற்றார், நாடகம் எழுதினார், புதினங்கள் படைத்தார், பயணநூல், அரசியல் கண்டனநூல், மன்றச் சொற்பொழிவு, நாட்குறிப்பு என்று பேனா ஓய்ந்ததேயில்லை. அது போதாதென்று மையைக் கொட்டி ஓவியமும் வரைந்தார். பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. யூகோவைப் பற்றியும் அப்படிப்பட்ட முணுமுணுப்பு இருந்தது. கவிஞர் நாடகத்துக்கு ஏன் போனார், நாடகக்காரருக்கு நாடாளுமன்றத்தில் என்ன வேலை, உறுப்பினராக இருந்தவர் ஏன் கதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் கேட்டார்கள். ஒருவரே மேடையிலும் ஏட்டிலும் நாடகத்திலும் புதினத்திலும் திரைக்கதையிலும் தம் கருத்தை ஓட விட்டபோது, "இவர் அரசியல்வாதியா, எழுத்தாளரா?" என்று அண்ணாவைப் பார்த்துக் கேட்டவர்களை நாம் மறக்கவில்லை. எனவே அந்த முணுமுணுப்பு நமக்குப் பழகிய ஓசைதான்.

தச்சன் பலமரம் பார்த்தது வேடிக்கைக்காகவா, செய்யவேண்டிய பொருளுக்காகவா என்பதன்றோ கேள்வி? ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். மரண தண்டனை கூடாது என்பது யூகோ இளமையில் பற்றிய கொள்கை. அதற்காக 1829இல் ஒரு சிறு புதினம் எழுதினார். தலை வெட்டப்படவிருக்கும் ஒருவன் தன் கடைசி நாட்களைத் தானே எழுதுவதாக அமைந்த கதை. அவன் பெயர் சொல்லப்படவில்லை. குற்றத்தின் விவரமும் இல்லை. முதற்பதிப்பில் எழுதியவர் பெயரும் இல்லை! 1834இல் அதே பொருளை வேறு வடிவில் தொட்டார். குளோது குயே என்ற உண்மையான கைதியின் வழக்கை எடுத்து, பசியால் திருடியவன் கொலைகாரனாக எப்படி வளர்க்கப்பட்டான் என்று சிறுகதையும் வழக்குரையும் கலந்த நடையில் எழுதினார். 1848 செப்டம்பர் 15இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, அத்தண்டனையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று பேசினார். 1859இல், அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்து ஆயுதமேந்திய ஜான் பிரவுனுக்குத் தூக்கு என்று கேட்டதும் அமெரிக்க மக்களுக்குத் திறந்த மடல் விடுத்தார். மடல் பயன் தரவில்லை, பிரவுனைத் தூக்கிலிட்டார்கள். அதன்பின், 1854இல் குவெர்ன்சித் தீவில் தூக்கிலிடப்பட்ட ஒருவனை எண்ணித் தாம் வரைந்து வைத்திருந்த ஓவியத்தைச் செதுக்குப்படமாக அச்சிட்டு வெளியிடச் செய்தார். இருட்டிலே தொங்கும் ஓர் உடல், வேறொன்றுமில்லை.

புதினம், கதை, சொற்பொழிவு, மடல், ஓவியம் ஆகிய ஐந்தும் ஒரே கேள்வியின் ஐந்து நிலைகள். ஒரு வடிவம் சென்று சேராத காதுக்கு மற்றொரு வடிவத்தை அனுப்பினார். பிரான்சு அந்தத் தண்டனையைச் சட்டத்திலிருந்து நீக்கியது 1981இல்தான். யூகோ கேட்டதற்கும் நாடு கொடுத்ததற்கும் இடையே நூற்று முப்பத்துமூன்று ஆண்டுகள்.

நாடகத் துறையின் கதை வேறு. 1830இல் அவருடைய 'எர்னானி' அரங்கேறிய இரவில், பழைய இலக்கண விதிகளின் காவலர்களும் புதுமை விரும்பிய இளைஞர்களும் கொட்டகைக்குள் கூச்சலும் குழப்பமுமாக மோதினர். 1832இல் அவர் எழுதிய மற்றொரு நாடகத்தில் மன்னன் ஒருவனைக் காமுகனாகக் காட்டியதால், ஒரே ஓர் இரவு ஆடிய பிறகு அரசு தடை போட்டது. வழக்குத் தொடுத்தார், தோற்றார். அது மறுபடி மேடையேற ஐம்பது ஆண்டுகள் ஆயின. நாடகத்துக்குத் தடை என்பதை வெள்ளையர் ஆட்சியிலும் அதன் பின்னும் கண்ட தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, எழுதும் முறைக்கு வருவோம். பாரிசின் மாதா கோயிலை வைத்து எழுதிய புதினம் 1831இல் வெளிவந்தது. அதைப் பதிப்பகத்தாருக்குத் தருவதாகச் சொன்ன நாள் கடந்து, நெருக்கடி முற்றிய நிலையில், 1830 செப்டம்பரில் ஒரு புட்டி மை வாங்கினார். கழுத்திலிருந்து கால்வரை மூடும் கம்பளி உடையொன்று வாங்கினார். வெளியே போகத் தூண்டும் நல்ல உடைகளையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். 1831 சனவரியில் புதினமும் முடிந்தது, புட்டியிலிருந்த மையும் தீர்ந்தது என்று அவர் மனைவி எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஐந்து திங்களுக்குள் ஒரு பெரும் புதினம்! இதைப் படிப்பவர், ஆகா, அருள் வெள்ளம் என்று சொல்லிவிடக் கூடும். வெள்ளமன்று, பூட்டு.

அப்படி விரைந்து எழுதத் தெரிந்த அதே கை, மற்றொரு நூலுக்குப் பதினேழாண்டுகள் எடுத்துக்கொண்டது. அதுதான் 'லே மிசராபிள்'. தமிழில் சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று பெயரிட்டுத் தந்த நூல்; 1950இல் நாகையா நடிக்க அதே பெயரில் திரைப்படமாக வந்து, காவலதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனின் பெயரோடு 'ஜாவர்' என்ற சொல்லையே ஒட்டிவிட்டுப் போன கதை. அந்நூல் ஏன் பதினேழாண்டு பிடித்தது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி.

1845 நவம்பரில் அதைத் தொடங்கியபோது யூகோ யார்? அதே ஆண்டில் மன்னர் லூயி பிலிப்பால் பிரபுக்கள் சபைக்கு உயர்த்தப்பட்டவர். பிரெஞ்சு அகாடமியின் உறுப்பினர். அரண்மனை விருந்துகளில் காணப்படும் கனவான். கண்மட்டும் கனவானின் கண்ணாக இல்லை. அகாடமிக்குத் தேர்வான இரண்டாம் நாள், 1841 சனவரி 9ஆம் நாளிரவு, தெருவில் நின்ற ஓர் ஏழைப்பெண்ணின் முதுகில் பனிக்கட்டியைத் திணித்தான் ஒரு பணக்கார வாலிபன். அவள் அவனை அடித்தாள். காவலர் வந்து அவளைப் பிடித்துச் சென்றனர், அவனை விட்டுவிட்டனர். யூகோ தயங்கித் தயங்கி, பிறகு காவல்நிலையத்துக்குள் நுழைந்து, கண்டதைச் சாட்சி சொல்லிக் கையொப்பமிட்டு அவளை விடுவித்தார். புதினத்தைப் படித்தவர்களுக்கு அவள் யாரென்று தெரியும், அவளே பாந்தீன்.

1846 பிப்ரவரி 22. பகல் வேளை. ரொட்டி திருடினான் என்று ஒருவனைக் காவலர் இழுத்துச் செல்கின்றனர். காலில் குருதி. அருகே நிற்கும் வண்டியில் பகட்டாக உடுத்திய சீமாட்டி, குழந்தையுடன். அவன் அவளை உற்றுப் பார்க்கிறான். அவள் கண்ணில் அவன் படவேயில்லை. யூகோ வீட்டுக்கு வந்து இதை நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். எழுதும்போது, அவளுக்கு அவன் தெரியவில்லை என்பதைவிட, அவனுக்கு அவள் தெரிந்துவிட்டாள் என்பதே அவரைத் திகைக்க வைக்கிறது. ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீன் அப்போது ஏற்கெனவே தாளில் பிறந்திருந்தான். பெயர்மட்டும் வேறு, ஜீன் திரேஜீன். நூலின் பெயரும் 'துன்பங்கள்' என்பதாகவே இருந்தது. துன்பங்கள் என்றிருந்தது பின்னாளில் துன்புறுவோர் என்று மாறியது. பெயர் மாற்றந்தானே என்று எண்ண வேண்டா. துன்பத்தைப் பற்றி உச்சுக்கொட்டலாம். துன்புறுவோன் எதிரே வந்து நின்றால் விடை சொல்லியாக வேண்டும்.

இவற்றோடு 1828இல் பிசேத்ர் சிறையில் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்ததையும், 1834இல் பிரெஸ்ட் துறைமுகத்துக் கடின உழைப்புச் சிறையையும், 1839இல் தூலோன் சிறையையும் அவர் நேரில் சென்று கண்டதைச் சேர்த்துக்கொள்க. இதற்குப் பெயர் கற்பனை என்றால், அக்கற்பனைக்கு நடந்து தேய்ந்த செருப்பு இருந்தது.

1848 பிப்ரவரியில் புரட்சி வெடித்தது, மன்னர் ஓடினார், எழுத்து நின்றது. நான்கு திங்கள் கழித்து நேர்ந்ததுதான் நமக்கு முக்கியம். வேலையற்றோர்க்கென்று நடத்திவந்த தேசியத் தொழிற்கூடங்களை அரசு மூட முற்பட்டது. பாரிசின் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து தெருத்தெருவாகத் தடுப்பரண் கட்டினர். அப்போது யூகோ எங்கே நின்றார்? தடுப்பரணுக்கு எதிர்ப்புறத்தில்! கிளர்ச்சியை அடக்க மன்றம் அனுப்பிய அறுபது உறுப்பினருள் ஒருவராகச் சென்று, சரணடையச் சொல்லி, தாக்கிய படையினரோடும் நின்றார். குடியரசைக் காக்கிறோம் என்று அவர் நம்பினார். நம்பினார் என்பதால் மாண்டவர் எழுந்து வரப்போவதில்லை. அன்று தடுப்பரணின் அப்புறத்தில் வீழ்ந்து கிடந்தவர்கள், அவர் பெட்டிக்குள் பாதி எழுதி வைத்திருந்த நூலின் மாந்தர்களே அல்லவா?

யூகோவைப் போற்றுவோர் பலர் இதை இரண்டு வரியில் தாண்டிப் போவர். நமக்கோ இந்த இடத்தில்தான் அந்நூலின் திறவுகோல் கிடப்பதாகத் தோன்றுகிறது. அந்த ஜூனுக்குப் பிறகு அவர் மாறத் தொடங்கினார். மெல்ல, மனமில்லாமல், ஆனால் திரும்பிப் பாராமல். 1849 ஜூலை 9இல் சட்டமன்றத்தில் எழுந்து, வறுமையைத் தணிப்பது பற்றிப் பேசாதீர், ஒழிப்பது பற்றிப் பேசுவீர் என்ற கருத்தை வைத்தபோது அவர் அமர்ந்திருந்த வலதுசாரி இருக்கைகளிலேயே இரைச்சல் எழுந்தது. 1850 சனவரியில், கல்வியைக் குருமார் கையில் ஒப்படைக்கும் சட்டத்தை எதிர்த்து, பள்ளியில் பாதிரிக்கு ஆட்சி கூடாது என்று முழங்கினார். 1851இல் லீல் நகரத்து நெசவாளர் குடியிருந்த நிலவறைகளுக்குள் இறங்கிப் பார்த்தார். அவ்வாண்டு டிசம்பர் 2இல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பறித்துக்கொண்டபோது, மூன்றாண்டுகளுக்கு முன் தடுப்பரணை இடிக்கப் போனவர், தடுப்பரண் எழுப்புங்கள் என்று தெருவில் நின்று மக்களை அழைத்தார். பத்து நாட்களுக்குள், தொழிலாளி வேடத்தில், அச்சுக்கோப்பவர் ஒருவரின் பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரசல்சுக்குத் தப்பினார். பிரபு ஊரைவிட்டுப் போக அச்சுக்கோப்பவர் பெயர் உதவிற்று!

பத்தொன்பது ஆண்டு நாடுகடந்த வாழ்வு. ஜெர்சித் தீவு, பிறகு குவெர்ன்சித் தீவு. 1859இல் பொதுமன்னிப்பு வந்தது; ஏற்க மறுத்தார். அந்த வாழ்வின் முதற்பகுதியில் அவர் தொட்டது புதினத்தையன்று. ஆட்சியைப் பறித்தவனைக் கிழித்தெறிய உரைநடையில் ஒரு கண்டனநூல், 1852இல். செய்யுளில் ஒரு கண்டனநூல், 1853இல். இறந்த மகளை எண்ணி எழுதியவை உட்பட நெடுங்காலக் கவிதைகளைத் திரட்டி 1856இல் வெளியிட, அந்த வருவாயில் குவெர்ன்சியில் வீடு வாங்கினார். பெட்டி திறக்கவில்லை. 1860 ஏப்ரல் 26இல்தான் திறந்தது.

திறந்ததும் எழுதத் தொடங்கினாரா? இல்லை. ஏறத்தாழ எட்டுத் திங்கள் தாம் எழுதியதையே படித்துப் படித்து எண்ணிக்கொண்டிருந்தார். டிசம்பர் 30இல் மீண்டும் பேனா எடுத்தார். 1861 ஜூன் 30இல், வாட்டர்லூப் போர்க்களத்தருகே மோன் சேன் ழான் ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது கதையை முடித்தார். அதன் பின்னும் திருத்தம், சேர்ப்பு, அச்சுப்படி. தாளை நெடுக்கே மடித்து ஒரு பாதியில் எழுதி மறுபாதியை வெறுமையாக விடுவது அவர் பழக்கம். பிற்காலத்து எண்ணங்களுக்கு முற்காலத்திலேயே இடம் ஒதுக்கி வைப்பது போன்ற பழக்கம் அது. பிரபு எழுதிய பாதிக்குப் பக்கத்தில், நாடிழந்தவர் எழுதிய பாதி வந்து அமர்ந்தது.

அப்படி வந்து சேர்ந்தவற்றில் இரண்டைமட்டும் சொல்வோம். ஒன்று, ஐந்தாம் பகுதியின் தொடக்கம். கதைப்படி தடுப்பரண் எழுவது 1832 ஜூனில். ஆனால் கதையை நிறுத்திவிட்டு, 1848 ஜூனில் எழுந்த இரு தடுப்பரண்களை யூகோ எழுத்தில் கட்டுகிறார். எதிர்த்துத் தீரவேண்டியிருந்தது என்கிறார். எதிர்த்தபோதே மதிக்கவும் வேண்டியிருந்தது என்கிறார். கதைக்கு அது தேவையில்லை, அவருக்குத் தேவைப்பட்டது. மற்றொன்று, பிஷப் மிரியேல் பற்றிய பகுதி. இந்தப் பிஷப் நம் பகுத்தறிவு வாசகர் பலருக்குத் தொண்டையில் சிக்கிய முள். கொள்ளை போன வெள்ளிப் பாத்திரத்தை நானே கொடுத்தேன் என்று சொல்லி, மெழுகுவத்தித் தண்டுகளையும் கூடக் கொடுத்துத் திருடனைத் திருத்தும் உத்தமராக ஒரு மதகுருவைக் காட்டலாமா என்று கேட்பர். யூகோவின் மகன் சார்ல்சே இதைக் கேட்டார். குருமாரைக் கண்டிக்கும் தந்தை குருவை நாயகனாக்குவானேன், ஒரு மருத்துவரை வைத்தாலென்ன என்பது அவர் வாதம். யூகோ இணங்கவில்லை. உண்மையான குரு எப்படி இருக்கவேண்டும் என்று காட்டினால், இருக்கிற குருமார்க்கு அதைவிடக் கடுமையான கண்டனம் வேறில்லை என்பது அவர் விடை.

இந்த விடையை நாம் பாதிதான் ஏற்கிறோம். நல்ல ஆண்டையைக் காட்டி ஆண்டைமுறையைக் கண்டிக்க முடியாது. படிப்பவன் நல்ல ஆண்டை எப்போது வருவாரென்று காத்திருக்கத் தொடங்குவான். ஆனால், நாடுகடந்த காலத்தில் யூகோ சேர்த்த ஓர் அத்தியாயம் அப்பிஷப்பையே புரட்டிப் போடுகிறது. ஊரால் ஒதுக்கப்பட்டுச் சாகும் தறுவாயிலிருக்கும் பழைய புரட்சிக்காரர் ஒருவரைக் கண்டிக்கப் போகிறார் பிஷப். பேச்சு முடிகையில் மண்டியிட்டு ஆசி கேட்பவர் பிஷப்பே! 1845இன் பிரபுவால் இந்தக் காட்சியை எழுதியிருக்க இயலுமா? கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலை 1864இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. பிஷப்பைப் பார்த்து அவர்கள் மயங்கவில்லை.

1862இல் நூல் வெளிவந்தது. பதிப்பாளர் லக்ருவா மூன்று லட்சம் பிராங்குக்கு உரிமை வாங்கியிருந்தார். மக்கள் முண்டியடித்து வாங்கினர். இலக்கிய உலகத்து மேலோர் முகம் சுளித்தனர். பொதுமக்களுக்கு நடவாததன்மீது ஆசையூட்டும் ஆபத்தான நூல் என்று எழுதினார் கவிஞர் லமார்த்தீன். போதலேர் ஏட்டில் புகழ்ந்து எழுதிவிட்டு, தாய்க்கு எழுதிய மடலில் இகழ்ந்து எழுதினார். பிரசாரம் கலையாகாது என்று நம்மவர்மீது வீசப்பட்ட சொல் அன்றே பாரிசில் வார்க்கப்பட்ட நாணயம். அதற்கு நாம் சொல்வது இதுதான்: அந்நூலில் சோர்வு தட்டும் இடங்கள் உண்டு. வாட்டர்லூப் போருக்கு அத்தனை பக்கம், மடத்துக்கு அத்தனை பக்கம், பாரிசின் கழிவுநீர்க் கால்வாய்க்கு அத்தனை பக்கம் என்று கதை மூச்சுத் திணறுகிறது. தற்செயலாய்ச் சந்திப்போர் தொகை நம் தெருக்கூத்தையும் மிஞ்சும். ஆனால் அவை பிரசாரத்தால் வந்த குறைகளல்ல. அடக்கமாட்டாத ஆர்வத்தால் வந்தவை. கருத்தைச் சொல்ல வந்த இடங்களில்தான் கதை நிமிர்கிறது. தன்னை விடுவித்த வால்ஜீனைக் கைது செய்யவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் ஆற்றோரம் நிற்கும் ஜாவர், சட்டம் என்ற கருத்து மனித உருக்கொண்டு திணறும் காட்சியன்றி வேறென்ன?

யூகோவைத் தெய்வமாக்கும் வேலையில் நமக்கு விருப்பமில்லை. ஜெர்சியில் 1853 முதல் இரண்டாண்டுகள், இறந்த மகளோடு பேசலாமென்று ஆவி மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர் அவர். துயரத்தால் வந்த மடமை, மடமைதான். 1879இல், அடிமை ஒழிப்பை நினைவுகூரும் விருந்தொன்றிலேயே, ஆப்பிரிக்காவுக்கு வரலாறு இல்லை, ஐரோப்பியர் போய் எடுத்துக்கொள்ளட்டும் என்ற கருத்தில் பேசினார். ஜான் பிரவுனுக்காக வாதாடிய அதே வாய்! கறுப்பர் கழுத்தில் கயிறு விழக்கூடாது என்றறிந்தவருக்கு, அவர் மண்ணில் கொடி நாட்டுவதும் கயிறே என்று தெரியவில்லை. அடிமைப்பட்டிருந்த நாட்டிலிருந்து படிக்கும் நாம் இதை மன்னித்துவிட்டுப் படிக்கத் தேவையில்லை. மறவாமல் படித்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு, எழுத்தாளர் வாழ்வைப் பேசுகையில் வழக்கமாக விடுபடுவது. 1851 டிசம்பரில் யூகோவுக்கு மறைவிடம் தேடித் தந்தவரும், கையெழுத்துப் பெட்டியைப் பிரசல்சுக்குக் கொண்டுசேர்த்தவரும் ஜூலியட் துரூவே என்ற பெண்மணி. 1833 முதல் அவரோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்டு, நடிப்புத் தொழிலை விட்டு, அவர் வகுத்த கட்டுக்குள் அடங்கி, அவர் கையெழுத்தைப் படியெடுத்துக் கொடுத்தே காலம் கழித்தவர். அந்தப் பெருநூலை அச்சுக்குப் படியெடுத்தவர்கள் அவரும், யூகோவின் மனைவியின் தங்கை ஜூலி செனேயும். மனைவி அதேல், கணவரின் வாழ்க்கையை இரு தொகுதிகளாக எழுதினார். மை புட்டிக் கதை நமக்குக் கிடைத்தது அதிலிருந்துதான். 1863இல் அந்நூல் வெளிவந்தபோது அட்டையில் அவர் பெயர் இல்லை. 'வாழ்வைக் கண்ட ஒருவர்' என்றிருந்தது. இளைய மகளும் அதேல், இசை பயின்றவர், தீவு வாழ்வின் புழுக்கத்தைத் தாங்காது அதே 1863இல் வீட்டைவிட்டுக் கடல் கடந்து போனார். ஏழைப்பெண்ணுக்காகக் காவல்நிலையம் ஏறியவர் வீட்டில், பெண்கள் படியெடுத்தார்கள், பெயரில்லாமல் எழுதினார்கள், புழுங்கினார்கள். முப்பத்தெட்டு வயதில் ஒரு தெருப்பெண்ணுக்குச் சாட்சி சொன்ன பேனா, வீட்டுப் பெண்களுக்காகச் சாட்சி சொல்லவேயில்லை.

1881 ஆகஸ்டு 31இல் எழுதிய இறுதி விருப்பத்தில், தாம் எழுதியதும் வரைந்ததுமான எல்லாத் தாள்களையும் பாரிசின் தேசிய நூலகத்துக்கு அளித்தார். அவை இன்றும் அங்கே இருக்கின்றன. நடுவே மடித்த தடம், ஒரு பாதியில் முதலில் எழுதியது, மறுபாதியில் பின்னால் சேர்த்தது, அடித்த சொற்கள், திரேஜீன் வால்ஜீனாக மாறிய இடம் எல்லாவற்றையும் அந்தத் தாள்களில் காணலாம். 1848 பிப்ரவரியில் எழுத்து நின்ற இடத்திலும், 1860 டிசம்பரில் மறுபடி தொடங்கிய இடத்திலும் யூகோ தம் கையாலேயே குறிப்பெழுதி வைத்திருக்கிறார்.